ஆல்ஃபா-கேல் ஒவ்வாமையும் இனிப்பும்: லேபிளை நம்புவதா, முத்திரையை நம்புவதா, வீட்டிலேயே செய்வதா?

ஆல்ஃபா-கேல் ஒவ்வாமை என்று மருத்துவர் உறுதி செய்துவிட்டால் மாடு, பன்றி, ஆடு ஆகியவற்றின் இறைச்சியை நிறுத்த வேண்டும் என்பது உடனே புரிந்துவிடும். இறைச்சி கண்ணுக்குத் தெரிகிற பொருள். இனிப்பு அப்படியல்ல. ஒரு துண்டு கேக்கில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், மேலே பூசிய கிரீமில் மாட்டு எலும்பிலிருந்தோ தோலிலிருந்தோ எடுத்த ஜெலாட்டின் இருக்கலாம், இரண்டுமே நாக்குக்குத் தெரியாது. சாப்பிட்டு இரண்டு முதல் ஆறு மணி நேரம் கழித்துத்தான் தடிப்போ வயிற்றுவலியோ மூச்சுத்திணறலோ வரும். இரவு ஒன்பது மணிக்குத் தின்ற ஐஸ்கிரீமுக்கு நள்ளிரவு தாண்டி உடம்பு பதில் சொன்னால், பழியை ஐஸ்கிரீம் மேல் போட யாருக்கும் தோன்றாது.

இந்த ஒவ்வாமை பெரும்பாலும் உண்ணிக் கடியால் வருவது. அமெரிக்காவின் தெற்கு, தென்கிழக்கு, நடுக் கிழக்கு மாநிலங்களில் லோன் ஸ்டார் உண்ணி இதற்குக் காரணம். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் வேறோர் உண்ணி. மனிதர், வாலில்லாக் குரங்குகள், ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகள் நீங்கலாக மற்றப் பாலூட்டிகளின் உடலில் இருக்கும் ஒரு சர்க்கரை மூலக்கூறுதான் ஆல்ஃபா-கேல். உண்ணி கடித்தபின் சிலருடைய உடல் அதை எதிரியாகப் பதிவு செய்துகொள்கிறது. கோழி, வாத்து, மீன், இறால், முட்டை ஆகியவற்றில் அந்த மூலக்கூறு கிடையாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி 2010 முதல் 2022 வரை 1,10,000-க்கும் மேற்பட்டோருக்கு இது இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. உண்மையில் பாதிக்கப்பட்டவர்கள் 4,50,000 பேர் வரை இருக்கலாம் என்றும் அந்த மையம் சொன்னது.

வட கரோலினா, வர்ஜீனியா, டென்னசி, ஆர்கன்சா பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனியாக ஒரு தொல்லை உண்டு. பிறந்ததிலிருந்து இறைச்சி தொடாதவரையும் உண்ணி கடிக்கும். அவருக்கு வரும் எதிர்வினை நெய், பாலாடை, பால்கோவா வழியாகத்தான் தெரியவரும். “நான் சைவம், எனக்கு இது வராது” என்று நினைத்துப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு.

முதலில் உங்கள் எல்லை எது?

எந்த வழியில் சரிபார்ப்பது என்பதற்கு முன்னால், எதுவரை தவிர்க்க வேண்டும் என்பதை ஒவ்வாமை மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். எல்லாருக்கும் ஒரே எல்லை இல்லை. இறைச்சியையும் விலங்குக் கொழுப்பையும் நிறுத்தினாலே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. பால் அவர்களுக்கு ஒன்றும் செய்வதில்லை. இன்னொரு சாராருக்குக் கொழுப்பு மிகுந்த பால் பொருள்கள் ஒத்துக்கொள்ளாது. ஆடை நீக்கிய பாலைத் தாங்குகிறவருக்கு ஐஸ்கிரீமும் கிரீமும் எதிர்வினையைக் கிளப்பிவிடும், ஏனென்றால் இந்த மூலக்கூறு புரதத்தில் மட்டுமல்லாமல் கொழுப்போடும் ஒட்டியிருக்கிறது. கொழுப்பு மெதுவாகச் செரித்து இரத்தத்துக்கு வருவதால்தான் எதிர்வினையும் தாமதமாகிறது என்பது இன்றைய விளக்கம். மூன்றாவது சாரார் சிறியது: ஜெலாட்டின் துளி, காராஜீனன் (கடல்பாசியிலிருந்து எடுக்கும் கெட்டிப்படுத்தும் பொருள்), மாத்திரையின் மேல்பூச்சு வரை எல்லாமே அவர்களைத் தாக்கும்.

முதல் சாராரில் இருப்பவர் மூன்றாம் சாராரின் பட்டியலைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தால் சாப்பாடே பயமாகிவிடும். மூன்றாம் சாராரில் இருப்பவர் முதல் பட்டியலோடு நின்றால் அவசர சிகிச்சைப் பிரிவில் போய் முடியும். ஆகவே கீழே சொல்லும் ஒப்பீட்டை உங்கள் எல்லையை வைத்துப் படியுங்கள்.

லேபிளைப் படிப்பது

அமெரிக்கச் சட்டம் ஒன்பது ஒவ்வாமைப் பொருள்களைத் தெளிவாகக் குறிக்கச் சொல்கிறது: பால், முட்டை, மீன், ஓட்டு மீன் வகை, மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா, எள். இதில் பாலூட்டி இறைச்சியோ ஜெலாட்டினோ இல்லை. அடியில் தடித்த எழுத்தில் இருக்கும் “இதில் உள்ளவை” வரியை மட்டும் பார்த்தால் பாலைப் பிடிக்கலாம், பன்றிக் கொழுப்பைப் பிடிக்க முடியாது. முழுப் பட்டியலையும் படித்தே ஆக வேண்டும்.

பட்டியலில் நேராகத் தெரிபவை: ஜெலாட்டின், பன்றிக் கொழுப்பு (லார்ட்), மாட்டுக் கொழுப்பு (டாலோ), சூயட் (மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கெட்டிக் கொழுப்பு), வெண்ணெய், கிரீம், வே (பால் திரிந்தபின் பிரியும் நீர்), கேசினேட் (பால் புரதம்). மார்ஷ்மெல்லோ, கம்மி மிட்டாய், மேலே சர்க்கரைப் பாகு பூசிய டோஸ்டர் பேஸ்ட்ரி, சில தயிர்கள், சில புதினா வில்லைகள் ஆகியவற்றில் ஜெலாட்டின் இருக்கும். கடையில் குளிர்பெட்டியில் விற்கும் பை மேல்தோலில் பன்றிக் கொழுப்பு இன்றும் சகஜம். மெக்சிகன் பேக்கரியின் பொல்வரோன் பிஸ்கட்டில் மன்டேக்கா என்றால் பன்றிக் கொழுப்பு. அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆங்கிலேய முறைக் கிறிஸ்துமஸ் புட்டிங்கில் சூயட் இருக்கும்.

நேராகத் தெரியாதவைதான் தொல்லை. மோனோ, டைகிளிசரைடுகள், கிளிசரின், மெக்னீசியம் ஸ்டியரேட் ஆகியவை தாவர எண்ணெயிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். எதிலிருந்து என்று எழுத வேண்டிய கட்டாயம் அமெரிக்காவில் இல்லை. கொழுப்புகளைப் பற்றி “இதுவோ அதுவோ” என்ற பாணியில் எழுதவும் சில இடங்களில் விதி இடம் கொடுக்கிறது: சோயா எண்ணெய், பருத்தி விதை எண்ணெய், லார்ட் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ என்று இருந்தால், அன்றைய விலைக்கு எது கிடைத்ததோ அது. அப்படி ஒரு வரி கண்டால் பொட்டலத்தைத் திரும்ப வைத்துவிடுவது நல்லது.

பெயரைக் கேட்டு வீணாகப் பயப்படும் பொருள்களும் உண்டு. கொக்கோ வெண்ணெய் தாவரம். கிரீம் ஆஃப் டார்ட்டார் திராட்சைச் சாறு புளிக்கும்போது படியும் உப்பு. மிட்டாய்களின் பளபளப்புக்குப் பூசும் கன்ஃபெக்‌ஷனர்ஸ் கிளேஸ் அரக்குப் பூச்சியிலிருந்து வருவது. கார்மைன் நிறமும் பூச்சிதான். தேன்மெழுகு தேனீயுடையது. இவை எதற்கும் பாலூட்டியோடு சம்பந்தமில்லை.

எலும்புக்கரி வழியாக வெளுத்த கரும்புச் சர்க்கரை பற்றிய பயம் பரவலாக இருக்கிறது. எலும்பை மிக உயர்ந்த வெப்பத்தில் எரித்துக் கரியாக்கி, அதை வடிகட்டியாக மட்டுமே பயன்படுத்துகிறார்கள். ஒவ்வாமை தரும் சர்க்கரை மூலக்கூறு அந்தச் சூட்டில் தப்பாது. இதற்குச் செலவழிக்கும் கவனத்தை மோனோ கிளிசரைடு பக்கம் திருப்புவதே சரி. மனத்துக்கு உறுத்தினால் பீட் சர்க்கரையோ, அமெரிக்க ஆர்கானிக் முத்திரை உள்ள சர்க்கரையோ வாங்கிக்கொள்ளலாம். இரண்டிலும் எலும்புக்கரி வேலையில்லை.

முத்திரைகள்

“வீகன்”, அதாவது விலங்குப் பொருள் எதுவும் இல்லாதது, என்ற சொல்தான் கடைக்குள் வேகமாக உதவுவது. ஜெலாட்டின், லார்ட், பால், விலங்கு மூல ஸ்டியரேட் எல்லாம் ஒரே அடியில் கழிந்துவிடும். இரண்டு குறைகள் உண்டு. அமெரிக்க உணவு நிர்வாகம் அந்தச் சொல்லுக்கு வரையறை வைக்கவில்லை. ஆகவே தனி அமைப்பின் சான்று முத்திரை இருக்கும் பொட்டலத்துக்கே முழு மதிப்பு. அடுத்தது, வீகன் என்றால் காராஜீனன் இருக்கலாம். சிவப்புக் கடல்பாசியிலிருந்து எடுக்கும் இந்தப் பொருளில், விலங்கிலிருந்து வராவிட்டாலும், கேலக்டோஸ் சர்க்கரைகள் ஆல்ஃபா பிணைப்பில் கோத்திருக்கின்றன. சிலருக்கு அதுவே எதிர்வினை தருகிறது. ஜெலாட்டினை நீக்கியவர்கள் அந்த இடத்தில் காராஜீனன் போடுவது சர்வ சாதாரணம். எனவே மூன்றாம் சாராருக்கு வீகன் மார்ஷ்மெல்லோவும் பாதாம் பால் ஐஸ்கிரீமும் மறுபடி பட்டியல் படிக்க வேண்டிய பொருள்கள்தாம்.

“நான்-டெய்ரி” (non-dairy, பால் சேராதது) என்பதை எந்த எல்லைக்கும் நம்பக் கூடாது. பாலிலிருந்து பிரித்த கேசினேட் போட்ட காபி கிரீமரும், அடித்து நுரைத்த கிரீம் மேல்பூச்சும் அந்தப் பெயரில் விற்கலாம். பட்டியலில் கேசினேட்டுக்குப் பக்கத்தில் “பால் பொருள்” என்று குறித்தால் போதும்.

யூதர்களின் கோஷர் முத்திரையில் “பரேவ்” என்று இருந்தால் பாலும் இறைச்சியும் இல்லை என்று பொருள். பால் விஷயத்தில் இது வீகனுக்குச் சமமான வடிகட்டி, கண்காணிப்பும் கறார். ஓட்டை ஜெலாட்டினில் இருக்கிறது. முறைப்படி அறுத்த மாட்டின் தோலிலிருந்து எடுத்த ஜெலாட்டினைப் பரேவ் என்று ஏற்கும் மரபு உண்டு. மீன் ஜெலாட்டினும் பரேவ்தான். ஆகவே பரேவ் மார்ஷ்மெல்லோவில் “மீன் ஜெலாட்டின்” என்று எழுதியிருந்தால் வாங்கலாம், வெறும் “ஜெலாட்டின்” என்றால் வேண்டாம். முத்திரையை ஒட்டி “டி” எழுத்து இருந்தால் பால் உண்டு. “பி” எழுத்தைப் பரேவ் என்று படித்துவிடுகிறவர்கள் அதிகம். அது பஸ்கா பண்டிகைக்கு ஏற்றது என்பதைத்தான் சொல்கிறது.

ஹலால் முத்திரை இங்கே உதவாது. ஹலால் கம்மி மிட்டாய் என்றாலே பெரும்பாலும் மாட்டு ஜெலாட்டின்.

இந்தியக் கடைகளில் வாங்கும் பொட்டலங்களில் பச்சைப் புள்ளி இருக்கும். ஜெலாட்டின், விலங்குக் கொழுப்பு, முட்டை மூன்றும் இல்லை என்பதை அது சொல்கிறது. பாலும் நெய்யும் தாராளமாக இருக்கும். பாலைத் தாங்கும் முதல் சாராருக்கு இதைவிட எளிய குறி அமெரிக்கக் கடையில் கிடையாது. இரண்டாம் சாராருக்குப் பாதி உதவிதான். இந்தியப் பொட்டலங்களில் சேர்பொருள்களுக்கு எண் போடுவதால் இன்னொரு வசதி: 406 என்றால் அகர் (நம்மூர் சைனா கிராஸ்), 407 என்றால் காராஜீனன். ஓர் இலக்க வித்தியாசத்தில் ஒன்று வேண்டியது, மற்றது வேண்டாதது. எழுத்து பொடியாக இருந்தால் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

தயாரிப்பாளரிடம் கேட்பது

லேபிளும் முத்திரையும் முடிவு சொல்லாத பொருளுக்கு மட்டும் இதைச் செய்தால் போதும். “இது அலர்ஜிக்கு ஏற்றதா” என்று கேட்டால் ஒன்பது பொருள் பட்டியலைப் படித்துக் காட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். இந்தப் பொருளில் உள்ள மோனோ டைகிளிசரைடும் கிளிசரினும் தாவரத்திலிருந்தா, மாடு பன்றியிலிருந்தா? அந்த மூலம் எப்போதும் ஒன்றேயா, சரக்கு வருவதைப் பொறுத்து மாறுமா? இயற்கை மணப்பொருளில் பாலூட்டி சார்ந்த ஏதாவது உண்டா? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். தேதியோடு இருக்கும், அடுத்த ஆண்டு மறுபடி கேட்கவும் நினைவு வரும். “தாவரமாகவோ விலங்காகவோ இருக்கலாம்” என்று பதில் வந்தால் அதை “விலங்கு” என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் செய்வது

நேரம் கேட்கும் வழி இது. ஆனால் இரண்டாம், மூன்றாம் சாராருக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. மூன்று மாற்றுகளைச் சரியாகப் பழகிவிட்டால் முக்கால்வாசி இனிப்பு திரும்பக் கிடைத்துவிடும்.

முதலாவது, ஜெலாட்டினுக்குப் பதில் அகர். நம்மூரில் சைனா கிராஸ், கடல்பாசி என்று விற்பது இதுதான். தமிழ் முஸ்லிம் வீடுகளில் நோன்பு திறக்கச் செய்யும் கடல்பாசியும் இதுவே. அகரும் காராஜீனனும் சிவப்புப் பாசியிலிருந்தே வந்தாலும் சர்க்கரை அமைப்பு வேறு. அகரில் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் சர்க்கரை, டி வடிவத்தின் கண்ணாடிப் பிம்பமான எல் வடிவம். கடல்பாசி என்ற ஒரே பெயரில் இரண்டையும் சேர்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் மிகவும் உணர்திறன் உள்ளவர் எந்தப் புதுப் பொருளையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும்.

அளவு: 7 கிராம் ஜெலாட்டின் பாக்கெட் இரண்டு கப், அதாவது 480 மில்லி திரவத்தை உறைய வைக்கும். அதே 480 மில்லிக்கு அகர் தூள் 2 தேக்கரண்டி, சுமார் 4 கிராம். வெட்டி எடுக்கும் துண்டாக வரும். கரண்டியால் அள்ளும் பதம் வேண்டுமானால் பாதியாகக் குறையுங்கள். இழையாக இருந்தால் 10 கிராமுக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர். குளிர்ந்த நீரில் கலந்து, பிறகு கொதிக்க வைத்து, கொதி வந்தபின் சிறு தீயில் மூன்று முதல் ஐந்து நிமிடம் கிளற வேண்டும். வெந்நீரில் ஜெலாட்டினைக் கரைப்பதுபோல அகரைக் கரைத்தால் அடியில் மணலாகத் தங்கிவிடும். உறையாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எலுமிச்சை, ஆரஞ்சுச் சாறோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் புளிப்பு அகரைச் சிதைத்துப் பதம் தளர்ந்துவிடும். அகரைத் தண்ணீரில் தனியாகக் காய்ச்சி, அடுப்பை அணைத்தபின் அறைச்சூட்டில் இருக்கும் சாற்றை ஊற்றுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சாற்றை ஊற்றினால் ஊற்றும்போதே நூல் நூலாக உறையும், ஏனெனில் அகர் 35 முதல் 40 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும். பச்சை அன்னாசியும் கிவியும் ஜெலாட்டினை உறைய விடாது, அகரை ஒன்றும் செய்யாது. அந்த வகையில் இது மேல்.

அகருக்கு ஜெலாட்டின்போல நுரையைத் தாங்கும் குணம் இல்லை. மார்ஷ்மெல்லோ செய்ய முட்டை வெள்ளைக்கரு வேண்டும், அல்லது மீன் ஜெலாட்டின். மீன் ஜெலாட்டினில் குளிர்நீர் மீன் வகை அறைச்சூட்டில் உறையாது. திலாப்பியா போன்ற வெப்பநீர் மீனிலிருந்து எடுத்ததை வாங்க வேண்டும்.

இரண்டாவது, வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய். அமெரிக்க வெண்ணெயில் கொழுப்பு குறைந்தது 80 சதவீதம், மீதி பெரும்பாலும் நீர். எண்ணெயோ முழுக் கொழுப்பு. எனவே 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெயும் 20 மில்லி நீர் அல்லது தேங்காய்ப் பாலும். சம எடை போட்டால் பிஸ்கட் எண்ணெய் கக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உருகிவிடுவதால் மாவை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தபின் சுட வேண்டும், இல்லாவிட்டால் தட்டில் பரவி ஒட்டிக்கொள்ளும். மார்ஜரினை நேராக மாற்றுவது எளிதென்று தோன்றும். ஆனால் சிலவற்றில் வே உண்டு, ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுத்த வைட்டமின் டி3 உண்டு. வீகன் முத்திரை இருப்பதை எடுங்கள்.

மூன்றாவது, கிரீமுக்கும் பாலுக்கும் பதில் தேங்காய்ப் பால். டின்னில் கெட்டிப்படுத்தக் குவார் கோந்து போட்டிருந்தால் சரி, காராஜீனன் இருந்தால் உங்கள் எல்லையைப் பாருங்கள். அடித்து நுரைக்க, டின்னை இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்து மேலே கட்டிய பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் வரும் தேங்காய் பானம் எவ்வளவு அடித்தாலும் நிற்காது. பாயசத்துக்கு முதல் பால் ஊற்றியபின் கொதிக்க விடாதீர்கள், திரிந்துவிடும்.

வீகன் செய்முறைகளை மட்டும் தேடுகிறவர்கள் முட்டையைத் தேவையில்லாமல் இழக்கிறார்கள். முட்டை ஒவ்வாமை இல்லாதவருக்கு ஏஞ்சல் ஃபுட் கேக் அருமையான விடை: 12 வெள்ளைக்கரு, ஒன்றரை கப் சர்க்கரை, ஒரு கப் கேக் மாவு, ஒன்றரை தேக்கரண்டி கிரீம் ஆஃப் டார்ட்டார். கொழுப்பே கிடையாது. பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் எழும்பாது என்பதால் தட்டில் வெண்ணெய் தடவும் பேச்சுக்கும் இடமில்லை. தூத்துக்குடி மக்ரூனும் முந்திரி, சர்க்கரை, வெள்ளைக்கரு மட்டுமே. முதலூர் மஸ்கோத் அல்வாவில் நெய்யின் வேலையைத் தேங்காய்ப் பால் செய்கிறது. இலங்கை வட்டலப்பம் கித்துல் கருப்பட்டி, தேங்காய்ப் பால், முட்டை. தொதலில் முட்டையும் இல்லை. இவை மாற்றுப் பண்டங்கள் அல்ல, பிறப்பிலேயே பாலூட்டிப் பொருள் இல்லாதவை. ஆகவே சுவையில் விட்டுக்கொடுப்பதும் இல்லை. கடையில் வாங்கும்போது மட்டும் வட்டலப்பத்தில் டின் பால் ஊற்றினார்களா, அல்வாத் தட்டில் நெய் தடவினார்களா என்று கேளுங்கள். எள்ளுருண்டை, கடலை மிட்டாய், பூரணக் கொழுக்கட்டை ஆகியவற்றிலும் கேள்வி அந்தக் கடைசிச் சொட்டு நெய்யைப் பற்றியதுதான்.

எதைத் தேர்வது?

பாலைத் தாங்குகிறவர் முழுப் பட்டியலைப் படிப்பதோடும், இந்தியப் பொருளில் பச்சைப் புள்ளியோடும் நிற்கலாம். ஜெலாட்டின், லார்ட், டாலோ மூன்றும் அகப்பட்டுவிடும். பால் கொழுப்பு ஒத்துக்கொள்ளாதவருக்கு வீகன் சான்று அல்லது பரேவ் முதல் வடிகட்டி, அதன்பின் பட்டியல். உறைந்த இனிப்பு வாங்கும்போது அமெரிக்க விதிப்படி ஐஸ்கிரீமில் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம், ஷெர்பெட்டில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் என்பதை நினைவில் வையுங்கள், ஷெர்பெட்டும் பால்தான். சார்பே (sorbet, பழமும் சர்க்கரையும் சேர்த்து உறைய வைத்தது) பொதுவாகப் பாலில்லாதது. காராஜீனன் வரை தாக்கும் மூன்றாம் சாராருக்கு எந்த முத்திரையும் தனியாகப் போதாது. வீட்டில் செய்வது, இல்லையென்றால் தயாரிப்பாளர் எழுத்தில் உறுதி செய்த சில பொருள்களையே திரும்பத் திரும்ப வாங்குவது.

யாராக இருந்தாலும் புதுப் பண்டத்தை மது, கடும் உடற்பயிற்சி, ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை இருக்கும் நாளில் முயல வேண்டாம். மூன்றும் எதிர்வினையைக் கூட்டக்கூடியவை. இரவில் வேண்டாம், தனியாக இருக்கும்போதும் வேண்டாம். ஒரு நாளில் ஒரே ஒரு புதுப் பொருள், சாப்பிட்ட நேரத்தைக் குறித்து வைத்து. மருத்துவர் எபினெஃப்ரின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் அது கைப்பையில் இருக்க வேண்டும், காரில் அல்ல. கோடையில் பூட்டிய காரின் சூடு மருந்தைக் கெடுத்துவிடும்.

வெளியில் சாப்பிடும்போது பட்டியல் கிடையாது, ஆகவே சமைத்த விதத்தைக் கேளுங்கள். டோனட், சுரோஸ், திருவிழாக் கடையின் ஃபன்னல் கேக் ஆகியவற்றில் மாவு சுத்தமாக இருந்தாலும் பொரித்த கொழுப்பு டாலோவாக இருக்கலாம், அதே சட்டியில் இறைச்சி பொரித்திருக்கலாம். பதில் தயங்கி வந்தால் நறுக்கிய பழம் கேளுங்கள். பிறந்தநாள் வீட்டில் கேக்கின் மேல் விரித்திருக்கும் ஃபாண்டன்ட் என்ற சர்க்கரைத் தாளில் ஜெலாட்டின் இருக்கலாம், உள்ளே இருக்கும் கேக் நீங்கள் செய்து கொடுத்ததே ஆனாலும். அலங்காரத்தை யார் செய்கிறார்கள் என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.